எங்கள் குசினியின் 1991-ஆம் ஆண்டு விலை

வீடு வாங்கி ஏழு மாதம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. இங்கிலாந்தில் பழுப்பு உறைக்குள் நல்ல செய்தி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளூராட்சிக்கு வீட்டுக்காகக் கட்டும் கவுன்சில் வரியில், எங்கள் வீடு டி பேண்டிலிருந்து (வீட்டின் மதிப்பை வைத்துப் பிரித்த வரித்தட்டு) ஈ பேண்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது, வீடு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே அது செல்லும் என்று எழுதியிருந்தது. மனைவி வாசித்துவிட்டு, "ஈ தானே, எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது?" என்றாள். டி வீட்டுக்காரர் ஒன்பது பவுண் கட்டினால் ஈ வீட்டுக்காரர் பதினொன்று கட்ட வேண்டும். டி-க்கு ஆண்டுக்கு 2,100 பவுண் என்றால் ஈ-க்கு ஏறத்தாழ 2,567. அடுத்த வாரமே ஏழு மாத நிலுவைக்கும் பில் வந்து சேர்ந்தது.

காரணம் குசினி, அதாவது சமையலறை. முன்பு இருந்தவர்கள் பின்பக்கச் சுவரை இடித்து, தோட்டத்துக்குள் மூன்று மீட்டர் தள்ளிக் கட்டியிருந்தார்கள். கட்டிய பிறகும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் டி வரியிலேயே இருந்தார்கள். அதில் களவு ஒன்றுமில்லை, சட்டமே அப்படித்தான். இங்கே எக்ஸ்டென்ஷன் கட்டினால் கட்டியவருக்கு பேண்ட் ஏறாது. அந்த வீடு விற்கப்படும்போதுதான் மறுபடி மதிப்பிட்டு ஏற்றுவார்கள். கட்டியவர் போய்விடுவார், வாங்கியவர் மாட்டுவார். வீட்டு முகவரின் விளம்பரத்தில் "கவுன்சில் வரி: டி" என்று இருந்தது. அன்றைய நிலவரப்படி அது உண்மைதான். எங்கள் சட்டத்தரணியும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். "இதைக் கட்டியது நானல்ல. இதே தெருவில் இதைவிடப் பெரிதாகக் கட்டியவர்கள் டி கட்டுகிறார்கள். வாங்கும்போதே கூட்டிய அறைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தேன்." நல்ல வேளை, அனுப்பவில்லை. மூன்றும் உண்மை, மூன்றாலும் ஒரு பயனும் இல்லை. பேண்டை முடிவு செய்யும் மதிப்பீட்டு அலுவலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வீடு, இன்றிருக்கும் அளவோடு, 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும்? 68,000 பவுணுக்கு மேல் 88,000 வரை என்றால் டி. அதற்கு மேல் 1,20,000 வரை ஈ.

இதை முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன். 1991-இல் நான் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குசினி அப்போது புல்தரை. அன்று இல்லாத அறைக்கு அன்றைய சந்தையில் ஒரு விலை கற்பித்து, அதற்கு இன்று எனக்கு வரி! இந்தப் பழைய விலையை ஏன் இன்னும் மாற்றவில்லை? வேல்ஸில் 2003-ஆம் ஆண்டு விலைகளை வைத்து மறுமதிப்பீடு செய்து, 2005-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பல வீடுகளுக்கு பேண்ட் ஏறியது, சனம் கொதித்தது. இங்கிலாந்தில் 2007-க்குத் திட்டமிட்டிருந்ததைத் தள்ளிவைத்தார்கள், பிறகு வந்த எந்த அரசும் முழு மறுமதிப்பீட்டின் பக்கம் போகவில்லை. கவுன்சில் வரிக்கு முன்பிருந்த தலைவரிக்கு எதிராக 1990-இல் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த கலவரம் இன்னும் அவர்கள் கனவில் வருகிறதோ என்னவோ. எத்தனை கோடி பெறுமதியான மாளிகையானாலும் உச்சப் பேண்டான எச்-க்கு உரிய வரி டி-யைப் போல இரண்டே மடங்குதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பேண்ட் மாற்றத்தை எதிர்க்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. முடிவு பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதுவும் இலவசம். ஆனால் முடிவு வரும்வரை கூடிய வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோயிலில் ஓர் அண்ணா, "தம்பி, சும்மா இருக்கிற சங்கை ஊதாதே, இன்னும் ஏற்றிவிடுவார்கள்" என்றார். ஏற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பது உண்மை. எனக்கு ஏற்கெனவே ஊதியாகிவிட்டதே என்றேன்.

படிவத்தில் எனக்குச் சற்றும் பிடிக்காத பகுதி, ஒப்பிடக்கூடிய வீடுகளைக் காட்டு என்பது. அதே வயது, அதே அமைப்பு, அதே அளவு, ஆனால் கீழ்ப் பேண்ட். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தது: எங்களுடையதைப் போலவே கூட்டிக் கட்டி, பிறகு கைமாறி, இன்னும் டி-யில் இருக்கும் வீடு. ஆதாரம் என்றால் இதுதான் ஆதாரம். ஆனால் அதை எழுதிக்கொடுத்தால், "ஓகோ, அதைத் தவறவிட்டுவிட்டோமே" என்று அந்த வீட்டுக்கும் ஏற்றிவிடலாம். அங்கே இருப்பது ஒரு தனித்த மூதாட்டி. இரண்டு நாள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்திருந்தேன். கடைசியில் பக்கத்துத் தெருவில் முகம் தெரியாத இரண்டு வீடுகளை எழுதினேன். முகம் தெரியாவிட்டால் குற்ற உணர்வு குறைகிறது, அவ்வளவுதான்.

எங்களைக் காப்பாற்றியது வேறொன்று. எங்கள் வீட்டைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதில், மேலே கூரைக்குள் இருக்கும் இடத்தைப் படுக்கையறை என்று எழுதியிருந்தது தெரியவந்தது. அங்கே ஏற மாடிப்படி கிடையாது. கொக்கியால் இழுத்தால் இறங்கும் அலுமினிய ஏணிதான். உள்ளே எட்டுப் பயணப்பெட்டி, ஓர் ஆட்டுக்கல், பிள்ளைகளின் பழைய தொட்டில். நான் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அளவு நாடாவை விரித்து, மகள் பிடித்துக்கொள்ள, ஏணி தெரிய ஒன்பது படம் எடுத்து அனுப்பினேன். நாலரை மாதத்துக்குப் பிறகு பேண்ட் மறுபடி டி ஆனது. மிகையாகக் கட்டியதை அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார்கள்.

சொந்தக்காரர்கள் வாழ்த்துகிறார்கள். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. ஏணியால் தப்பினேன், நியாயத்தால் அல்ல. பெரிய வீட்டுக்குக் கூடுதல் வரி என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வயதான தாய்க்கு ஓர் அறை கட்டுகிறவரை வரியால் பயமுறுத்தக் கூடாது என்ற வாதமும் புரிகிறது. ஆனால் ஒரே அளவான இரண்டு வீட்டில், நெடுங்காலம் இருப்பவருக்கு ஒரு வரி, புதிதாக வந்தவருக்கு இன்னொன்று என்றால் அது வீட்டு வரியா, குடிவந்ததற்கான வரியா? கட்டி முடித்த அடுத்த ஏப்ரலில் கட்டியவருக்கே ஏற்றட்டும். அது முடியாது என்றால் விற்பனை விளம்பரத்தில் "டி, விற்றால் ஏறக்கூடும்" என்று போட வைக்கட்டும். இப்போதும் அந்தத் தகவல் இருக்கத்தான் செய்கிறது. அரசின் இணையதளத்தில் முகவரியைப் போட்டு பேண்ட் பார்க்கும் பக்கத்தில், வீடு மேம்படுத்தப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஒரு குறிப்பு உண்டு. அதில் "ஆம்" என்றிருந்தால் எச்சரிக்கை. வீடு தேடுகிறவர்கள் குளியலறை ஓடுகளைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டில் "விற்பனைக்கு" பலகை நட்டார்கள். அவருக்குக் குசினியும் பெரிது, கூரையறைக்கு முறையான படியும் உண்டு, பேண்ட் டி. பார்க்க வந்த ஓர் இளம் தம்பதி வேலியோரம் நின்று தெரு எப்படி, கவுன்சில் வரி எப்படி என்று என்னைக் கேட்டார்கள். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, "ஆம்" என்ற சொல்லைப் பெரிதாக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து குப்பைத்தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது என் பக்கம் திரும்புவதில்லை.