முகவரி எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள்

அக்கா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, இதப் பாருங்க, ராத்திரி தூக்கமே வராது" என்று கீழே ஒரு வரி. அமெரிக்காவில் ரோவனோக் தீவில் குடியேறி, ஒரே இரவில் மாயமாய் மறைந்த 115 ஆங்கிலேயராம். அடுப்பில் சாப்பாடு கொதித்தபடி இருந்ததாம், ஊரில் ஒரு ஈ காக்கை இல்லையாம், மரத்தில் மட்டும் யாருக்கும் புரியாத ஒரு மர்மச் சொல்லாம். பின்னணியில் நரி ஊளை. கடைசி இரண்டு நிமிடம் வேற்றுக்கிரகவாசிகள்.

தூக்கம் வரவில்லைதான், எரிச்சலில். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. சரி, இங்கேயே போட்டுவிடுகிறேன்.

ஒரே இரவு என்பதே பொய். அவர்களின் தலைவர் ஊரை விட்டுக் கிளம்பியது 1587 ஆகஸ்ட், திரும்பி வந்தது 1590 ஆகஸ்ட். மூன்று வருடம்! நம் தெருவிலேயே மூன்று வருடம் கழித்துப் போனால் பாதிப் பேர் குடிமாறியிருப்பார்கள். அடுப்பும் கொதிக்கவில்லை, வீடுகளையே பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த "மர்மச் சொல்" பக்கத்துத் தீவு ஒன்றின் பெயர். கடை வாசலில் "கடை இடம் மாற்றப்பட்டுள்ளது" என்று போர்டு மாட்டிவிட்டுப் போவார்களே, அது மாதிரி.

முதலில் இந்த ரோவனோக் தீவு. இன்றைய வட கரோலினாவின் கரையோரம் இருக்கிறது. இங்கிலாந்தின் எலிசபெத் ராணி காலத்தில் வால்டர் ராலே என்பவர் புதுநிலம் பிடிக்க உரிமை வாங்கி, 1584-இல் இரண்டு கப்பல்களை அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். போனவர்கள் திரும்பும்போது உள்ளூர்க்காரர் இருவரையும் கூட்டி வந்தார்கள். ஒருவர் மான்டியோ, இன்னொருவர் வான்சீஸ். இரண்டு பேரும் லண்டனைப் பார்த்தார்கள். மான்டியோ கடைசிவரை ஆங்கிலேயருக்கு நண்பராகவே இருந்தார். வான்சீஸ் ஊர் திரும்பியதும் அவர்களுக்கு எதிராகப் போய்விட்டார். ஒரே ஊரைப் பார்த்துவிட்டு வந்த இருவர் இப்படி எதிரெதிர் முடிவுக்கு வந்தது எனக்கு அந்த மரச் சொல்லைவிடப் பெரிய புதிர். அதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

வீடியோக்கள் தாண்டிக் குதிக்கும் இடம் அடுத்தது. 1585-இல் ரால்ஃப் லேன் தலைமையில் நூறு பேருக்கு மேல் ஆண்கள் மட்டும் வந்து ரோவனோக்கில் கோட்டை கட்டினார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய ரிச்சர்ட் கிரென்வில், ஒரு வெள்ளிக் கோப்பை காணாமல்போனதற்காக அக்வாஸ்கோகாக் என்ற ஊரையே கொளுத்தினார். சோளப் பயிரோடு சேர்த்து. ஒரு கோப்பைக்கு! அப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க, விதைக்கத் தெரியாத இந்தக் கூட்டம் அக்கம்பக்கத்து ஊர்களின் சோளத்தைத் தின்றே பிழைத்தது. பூர்வகுடித் தலைவர் விங்கினாவுக்குப் பொறுமை போனது. அவர் சதி செய்கிறார் என்று சொல்லி 1586 ஜூனில் லேனின் ஆட்கள் அவரைச் சுட்டு, காட்டுக்குள் விரட்டிப் போய்த் தலையை வெட்டி எடுத்து வந்தார்கள். சில நாளிலேயே பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்கள் அந்தப் பக்கம் வர, மொத்தக் கூட்டமும் மூட்டை கட்டி ஏறிவிட்டது. (டிரேக்கின் கப்பல்களை நினைவில் வையுங்கள், கடைசியில் அங்கேதான் வருகிறேன்.) பின்னாலேயே சாமான்களோடு வந்த கிரென்வில், ஆளில்லாத கோட்டையைப் பார்த்துவிட்டு, உரிமை போய்விடக் கூடாதே என்று 15 பேரைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஊரைக் கொளுத்தி, ஒரு தலைவரின் தலையை எடுத்த அதே இடத்துக்குத்தான் 1587 ஜூலையில் குடும்பங்கள் வந்து இறங்கின. சுமார் 115 பேர். பெண்கள் 17, சின்னப் பிள்ளைகளும் உண்டு. உண்மையில் அவர்கள் போக வேண்டிய இடம் வடக்கே செசபீக் விரிகுடா. கப்பலை ஓட்டிவந்த சைமன் பெர்னாண்டஸ் இதற்குமேல் போக மாட்டேன் என்று இங்கேயே இறக்கிவிட்டார். நடு இரவில் "பஸ் ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்குங்க" என்று சொல்லும் நடத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு விட்ட 15 பேரில் ஒருவருடைய எலும்புதான் கிடைத்தது.

வந்து ஒரு வாரம் ஆகவில்லை. ஜார்ஜ் ஹோ என்பவர் தனியாக நண்டு பிடிக்கப் போனார். அரைகுறை உடையில் தண்ணீரில் இறங்கி, கவட்டைக் குச்சியால் நண்டைக் குத்திக்கொண்டிருந்தவர் மேல் 16 அம்புகள் பாய்ந்தன. பழிவாங்கக் கிளம்பிய ஆங்கிலேயர் விடியும் முன்னே ஒரு ஊரில் புகுந்து சுட்டார்கள். பார்த்தால், அங்கே இருந்தது எதிரிகள் இல்லை. அவர்கள் ஓடிப்போனபின் விட்டுப்போன சோளத்தைப் பொறுக்க வந்திருந்த குரோட்டோவன் தீவு மக்கள், அதாவது மான்டியோவின் சொந்தக்காரர்கள். அந்தக் கடற்கரையில் ஆங்கிலேயருக்கு மிச்சமிருந்த ஒரே நண்பர்கள். ஆனாலும் அவர்கள் உறவை முறிக்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்குச் சில நாள் முன்பு குரோட்டோவனுக்கு ஆங்கிலேயர் போயிருந்தபோது அந்த மக்கள் முதலில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எங்கள் சோளத்தை எடுக்காதீர்கள், எங்களிடமே கொஞ்சம்தான் இருக்கிறது. இது குடும்பங்களோடு வந்த ஜான் ஒயிட் தன் கையால் எழுதிய குறிப்பில் இருக்கிறது. நான் இதை முடிச்சின் சாவியாகப் பார்க்கிறேன். 1998-இல் அந்தப் பக்கத்துப் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆய்வு செய்தவர்கள், 1587 முதல் 1589 வரை அங்கே நிலவியது 800 ஆண்டுகளில் மிக மோசமான வறட்சி என்று கண்டார்கள். சோளம் கொஞ்சம்தான் என்று அந்த மக்கள் சொன்னது கஞ்சத்தனம் இல்லை. மழை இல்லை.

ஜான் ஒயிட்தான் இந்தக் கூட்டத்தின் தலைவர். ஓவியர். மகள் எலினார் நிறைமாதத்தில் கூட வந்திருந்தாள். ஆகஸ்ட் 18 அன்று பெண் குழந்தை பிறந்தது. வர்ஜீனியா டேர் என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குப் பத்து நாள்கூட ஆகாதபோது, உணவும் ஆளும் கொண்டுவர நீங்களே போங்கள் என்று எல்லோரும் வற்புறுத்தி ஒயிட்டை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு ஏற்பாடு: இடம் மாறினால் போகும் ஊரின் பெயரை மரத்திலோ கதவிலோ செதுக்கி வையுங்கள், ஆபத்தில் போனால் பெயருக்கு மேலே ஒரு சிலுவை போடுங்கள்.

அங்கே போனால் ஸ்பெயினோடு போர். 1588-இல் இரண்டு சின்னக் கப்பலில் கிளம்பியும் பிரெஞ்சுக் கொள்ளையரிடம் அடிவாங்கி, காயத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. 1590-இல் ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் போகும் கூட்டத்தோடு தொற்றிக்கொண்டுதான் வர முடிந்தது. கரையை நெருங்கும்போதே ஒரு படகு கவிழ்ந்து ஏழு பேர் செத்தார்கள். மற்றவர்கள் இருட்டில் ரோவனோக் கரையோரம் நங்கூரமிட்டு, எக்காளம் ஊதி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார்கள். தூரத்தில் நெருப்பு தெரிந்தது. பதில் இல்லை.

விடிந்தால் ஆகஸ்ட் 18. பேத்திக்கு மூன்றாவது பிறந்தநாள். மணல்மேட்டில் ஒரு மரத்தில் சி, ஆர், ஓ என்று மூன்றே எழுத்து. அப்புறம் மரவேலி. வாசலுக்கு வலப்பக்கம், பட்டை உரித்த தூணில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், அழகான பெரிய எழுத்துகளில் "குரோட்டோவன்" என்று முழுதாக. சிலுவை எங்கும் இல்லை. உள்ளே இரும்புக் கட்டிகளும் ஈயப் பாளங்களும் களைக்குள் கிடந்தன. ஒயிட் புதைத்து வைத்துவிட்டுப் போன பெட்டிகளை யாரோ தோண்டியிருந்தார்கள்; புத்தகங்களின் அட்டை கிழிந்து, படங்கள் மழையில் ஊறி, கவசம் துருவேறி அரித்துப் போயிருந்தது.

அந்த மனிதர் என்ன எழுதினார் தெரியுமா? தன் மக்கள் குரோட்டோவனில் பத்திரமாக இருப்பதற்கு அடையாளம் கிடைத்ததில் மகிழ்ச்சி என்று. மகளையும் பேத்தியையும் தேடி வந்தவருக்கு அங்கே மர்மம் எதுவும் தெரியவில்லை. நமக்குத்தான் 400 வருடம் கழித்து நரி ஊளை தேவைப்படுகிறது.

குரோட்டோவன் சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே. மறுநாள் போவதாகத்தான் முடிவு. புயலில் கயிறு அறுந்தது, நங்கூரங்கள் போயின, குடிதண்ணீர் குறைந்தது. கப்பல் திசைமாறி அசோர்ஸ் தீவுகள் வழியாக இங்கிலாந்தே போய்ச் சேர்ந்தது. ஒயிட்டுக்கு மறுபடி கப்பல் கிடைக்கவே இல்லை.

சரி, என்னதான் ஆனார்கள்? ஸ்பானியர் கொன்றார்கள் என்ற கட்சியை உடனே தள்ளிவிடலாம். 1588 ஜூனில் ஒரு ஸ்பானியக் கப்பல் அங்கே வந்து படகுத்துறையும் பீப்பாய் இறக்கிய கிணறுகளும் பார்த்தது உண்மை, ஆனால் அதன் பிறகும் ஸ்பானியர் இந்தக் குடியிருப்பைத் தேடித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொன்றவன் தேட மாட்டான். 1937-இல் எலினார் செதுக்கியதாக ஒரு கல் வந்தது, பின்னாலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட கற்கள் வரிசைகட்டி வந்தன. 1941-இல் ஒரு பத்திரிகை சாயத்தை வெளுத்தது. முதல் கல்லுக்காக இன்னும் வாதாடுபவர்கள் உண்டு, எனக்கு நம்பிக்கை இல்லை.

பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடிப் பேரரசர் கொன்றுவிட்டார் என்பது கொஞ்சம் கனமான கட்சி. 1607-இல் ஜேம்ஸ்டவுன் என்ற ஆங்கிலேயக் குடியேற்றம் வந்தபின், அங்கே இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி அப்படி எழுதினார். ஆனால் பவ்ஹாட்டனின் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பிடுங்க நியாயம் தேடியவர்கள் பரப்பிய செய்தி அது. எரிந்த ஊரோ, புதைகுழியோ இதுவரை கிடைக்கவில்லை.

என் கட்சி சாதாரணமானது. அவர்கள் பிரிந்து போனார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம். வறட்சியில் ஒரு மணல்தீவு நூறு விருந்தாளிகளுக்கு எத்தனை நாள் சோறு போடும்? ஒயிட் கிளம்பும்போதே உள்நாட்டுக்குள் 50 மைல் போவதாகப் பேச்சு இருந்தது. 2012-இல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒயிட் வரைந்த வரைபடத்தில் ஒட்டியிருந்த காகிதத் துண்டுக்கு அடியில் ஒரு கோட்டைச் சின்னம் தெரிந்தது, உள்நாட்டில், சோவான் ஆறு வந்து சேரும் பக்கம். அங்கே தோண்டியபோது அந்தக் காலத்து ஆங்கிலேய மண்பாண்டத் துண்டுகள் வந்தன. குரோட்டோவன் தீவில், அதாவது இன்றைய ஹாட்டராஸில், வாள்பிடித் துண்டும் எழுதுபலகைச் சிலேட்டும் வந்தன. வியாபாரத்தில் கைமாறி வந்திருக்கலாமே என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1709-இல் ஜான் லாசன் எழுதிய பயணக் குறிப்பில் ஹாட்டராஸ் மக்கள், எங்கள் முன்னோரில் சிலர் வெள்ளையர், உங்களைப் போல் புத்தகத்தில் பேசுவார்கள் என்று சொல்கிறார்கள். சிலருக்குச் சாம்பல் நிறக் கண்.

அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் "காணாமல் போனார்கள்" என்பதே நின்றது. காரணம் எனக்குத் தெளிவாகத்தான் படுகிறது. ஆங்கிலேயர் பூர்வகுடிகளோடு கலந்து, அவர்கள் பாஷை பேசி, அவர்கள் பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்தார்கள் என்பது பல வெள்ளையருக்கு மரணத்தைவிடச் சங்கடமான முடிவு. வர்ஜீனியா டேரை நித்திய வெள்ளைக் குழந்தையாக்கிச் சிலை வைத்தார்கள். குடியேற்றத்தை எதிர்க்கும் ஒரு இணையதளம் தனக்கு அவள் பெயரை வைத்துக்கொண்டது. வந்தேறிகளின் பிள்ளை அவள்! அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

தேடியதாவது ஒழுங்காகத் தேடினார்களா? ராலே 1602-இல் ஒரு கப்பல் அனுப்பினார். அது தெற்கே ஒரு மாதம் நின்று சசாஃப்ராஸ் மரப்பட்டை சேகரித்தது. அப்போது அது நல்ல விலைக்குப் போன மருந்து. குரோட்டோவனுக்குப் போக வானிலை சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. பட்டை உரிக்க மட்டும் வானிலை சரியாக இருந்தது போல.

இப்போது டிரேக். 1586-இல் ரோவனோக்குக்கு வருமுன் அவர் கரீபியனில் ஸ்பானிய நகரங்களைச் சூறையாடியிருந்தார். கார்ட்டஹேனா போன்ற இடங்களிலிருந்து ஆப்பிரிக்க அடிமைகளும் தென்னமெரிக்கப் பூர்வகுடிகளும் துடுப்படிமைகளாயிருந்த துருக்கியரும் சில நூறு பேர் அவர் கப்பல்களில் இருந்தார்கள். ரோவனோக் குடியிருப்பில் இறக்கத்தான் கொண்டுபோகிறார் என்று ஸ்பானியர் எழுதினார்கள். அங்கே புயலடித்தது, லேனின் ஆட்கள் ஏறினார்கள், கப்பல்கள் இங்கிலாந்து போயின. துருக்கியர் சுமார் நூறு பேரை ஊருக்கு அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது. மற்றவர்கள் அதோடு எந்தத் தாளிலும் இல்லை. வழியில் செத்தார்களா, இடம் பிடிக்கக் கரையில் இறக்கிவிட்டார்களா என்று இன்றுவரை வாதம்.

கிரென்வில் விட்ட 15 பேரில் 9 பேர் தாக்குதலில் தப்பி ஒரு படகில் போனதாகக் குரோட்டோவன் மக்கள் சொன்னார்கள். சிப்பி பொறுக்கப் போயிருந்த நால்வரையும் வழியில் ஏற்றிக்கொண்டார்களாம், மொத்தம் 13 பேர். அவர்களும் திரும்பவில்லை. 1587-இல் வந்தவர்களுக்கு மட்டும் ஒயிட் எழுதிய பெயர்ப்பட்டியல் இருக்கிறது, ஒவ்வொருவராக, பிறந்த குழந்தை வரைக்கும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். "சரி மாமா, அந்தக் கப்பல்ல இருந்த அடிமைங்க பேரு ஏதாவது தெரியுமா?" என்றான்.

ஒரு பெயர்கூட இல்லைடா என்றேன்.