உழைக்கிறவர்களும் பெனிபிட் எடுக்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை

வெள்ளிக்கிழமை இரவு நம் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் நடந்தது அதில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உழைக்கிறவர்களின் காசில் பெனிபிட், அதாவது அரசாங்க உதவிப்பணம், எடுக்கிறவர்கள் சொகுசாக வாழ்கிறார்கள் என்று கீறிய ஒரு பத்திரிகைப் படத்தை ஒருவர் போட்டார், சிலர் கைதட்டினார்கள். யார் அந்தப் படத்தைப் போட்டது, யார் யார் கைதட்டியது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் இரண்டு வரி பதில் போட்டேன். உடனே "அக்கா, இங்கே அரசியல் வேண்டாம், இது பிள்ளைகளின் தமிழ் வகுப்புக் குழு" என்று சொல்லிவிட்டார்கள். படம் போட்டபோது அது யாருக்கும் அரசியலாகத் தெரியவில்லை, நான் வாய் திறந்ததும் அரசியலாகிவிட்டது. சரி, அங்கே வேண்டாம். இங்கே எழுதுகிறேன்.

சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். உழைக்கிறவர்கள் ஒரு பக்கம், பெனிபிட் எடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று அந்தப் படம் சொன்னது பொய். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆட்கள். இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறவர், விடிய முன்னம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கப் போகிறவர், கேர் ஹோமில் வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி முதுகை முறித்துக்கொள்கிறவர், இவர்கள்தான் மாதக் கடைசியில் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிப்பணம்) விழுந்துவிட்டதா என்று போனைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள்.

2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் தொழிற்கட்சி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இரண்டு பிள்ளை வரம்பை 2026 ஏப்ரலோடு எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். அப்போதைய கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் 2015இல் அறிவித்து, 2017 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த விதி அது. அந்தத் திகதியிலோ பிறகோ பிறந்தது மூன்றாவது பிள்ளையென்றால் அந்தப் பிள்ளைக்கான யூனிவர்சல் கிரெடிட் பங்கு கிடையாது என்றது அந்த விதி. (சைல்ட் பெனிபிட் வேறு. அது மூன்றாவது பிள்ளைக்கும் உண்டு. குழுவில் பாதிப்பேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.) 2025 கணக்கில் அந்தப் பங்கு மாதம் 290 பவுணுக்குச் சற்று மேல். 16 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அப்போது இந்த விதி பாதித்த வீடுகளில் வளர்ந்தார்கள். அரசாங்கம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி அந்த வீடுகளில் பத்தில் ஆறில் யாராவது வேலைக்குப் போனார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றே மூன்று பிள்ளைகள். படத்தில் கீறியிருந்த மாதிரி எட்டுப் பிள்ளைகளும் பெரிய தொலைக்காட்சியும் இல்லை.

எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனொக் பாராளுமன்றத்தில் எழுந்து, இது "பெனிபிட்ஸ் ஸ்ட்ரீட்"டுக்கான பட்ஜெட், இதற்குக் காசு கட்டப்போவது உழைக்கும் மக்கள் என்றார். அந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று கைதட்டியவர்களுக்கு நினைவிருக்கிறதா? 2014 ஜனவரியில் சனல் 4 ஒளிபரப்பிய ஒரு நிகழ்ச்சியின் பெயர் அது. பேர்மிங்ஹாமில் வின்சன் கிரீன் பகுதியில் ஜேம்ஸ் டேர்னர் ஸ்ட்ரீட் என்ற ஒரு தெரு. அங்கே இருந்த சனங்களில் சிலர், தங்கள் தெருவின் ஒற்றுமையைப் பற்றிய நிகழ்ச்சி என்று சொல்லித்தான் கமராவோடு வந்தார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். 2011இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை இந்த நாட்டுக்குக் காட்டிய அதே சனல் என்பதால் எனக்கு அது இன்னும் கூடுதலாக வலித்தது. நிகழ்ச்சி வந்த அடுத்த வருடமே ஒஸ்போர்ன் இரண்டு பிள்ளை வரம்பை அறிவித்தார். அதற்கும் முன்னம், 2013இல், டேர்பியில் ஆறு பிள்ளைகளைத் தீயில் சாகவிட்ட ஒரு தகப்பனைப் பற்றி டெய்லி மெயில் முன்பக்கத்தில் என்ன தலைப்புப் போட்டது? நலத்திட்டம் பெற்றெடுத்த கேவலம் என்ற அர்த்தத்தில் போட்டது. ஒரு கொலைகாரனின் குற்றத்தை, மூன்று நாலு பிள்ளையோடு மூச்சுப்பிடித்து வாழ்கிற லட்சக்கணக்கான தாய்மாரின் தலையில் கட்டியது. சட்டம் வருவதற்கு முன்னம் தலைப்பு வரும். இந்த நாட்டில் நான் பார்த்துக்கொண்டு வருகிற ஒழுங்கு அதுதான்.

இந்தப் பத்திரிகைகளை நம்பி முன்பக்கத்தைப் படமெடுத்துப் பகிர்கிற நம் ஆட்களிடம் ஒன்று கேட்கவேண்டும். 2009ஐ மறந்துவிட்டீர்களா?

ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்தோமே. நானும் இருந்தேன், மூத்தவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு. அவளுக்கு அப்போது ஒரு வயது. அந்தக் குளிரில் ரோட்டில் உட்கார்ந்து, வன்னியில் எறிகணை விழுகிறது, இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள் இல்லையே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நாட்கள். 23 நாள் உண்ணாவிரதம் இருந்த அந்தத் தம்பி பரமேஸ்வரனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒக்டோபரில் டெய்லி மெயிலும் சண்ணும் என்ன எழுதின? அவர் இரகசியமாக பேர்கர் சாப்பிட்டார், பொலிஸ் கமராவில் பிடிபட்டார், இவர்களுக்காகப் பொலிசுக்கு எழுபது லட்சம் பவுண் செலவு என்று எழுதின. என்னோடு கேர் ஹோமில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்கள் தேநீர் இடைவேளையில் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வருடம் என்னோடு சேர்ந்து ஷிப்ட் செய்தவர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கழிவறைக்குப் போய் அழுதேன். 2010 ஜூலையில் அந்தத் தம்பி வழக்கில் வென்றார். பொலிஸ் அப்படியொரு கண்காணிப்பே செய்யவில்லை என்று தெரியவந்தது. இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, சேர்த்து 77,500 பவுண் கொடுத்தன. மன்னிப்பை யார் வாசித்தார்கள்? என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாசிக்கவில்லை.

அதே பத்திரிகைகள் இன்று உழைக்காதவர்கள் உங்கள் காசைத் தின்கிறார்கள் என்று எழுதினால் அதை மட்டும் எப்படி அப்படியே நம்புகிறீர்கள்? லிவர்பூல் சனங்களைப் பாருங்கள். 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 97 பேர் நெரிபட்டுச் செத்த அனர்த்தத்தில் பழியை லிவர்பூல் இரசிகர்கள் மேல் போட்டு சண் எழுதியது. இன்றுவரைக்கும் அந்த ஊரில் எத்தனையோ கடைகள் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை. அவர்கள் மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டு அதைக் குழுவில் போட்டுக் கைதட்டுகிறோம்.

இனி எனக்குச் சொல்லப்பட்ட பதில்களுக்கு வருகிறேன்.

"நாங்கள் யாரிடமும் கைநீட்டாமல் வளர்ந்தோம்." மன்னிக்க வேண்டும், இது உண்மை இல்லை. 2003இல் நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுன் கொண்டுவந்த சைல்ட் டாக்ஸ் கிரெடிட் என்ற பிள்ளைகளுக்கான உதவிப்பணம் நம் ஆட்களில் எத்தனை வீடுகளை நிமிர்த்தியது என்று எல்லாருக்கும் தெரியும். இவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, நான் கேர் ஹோமில் பகல் வேலை, ஒருவர் வர ஒருவர் போவோம். வாசலில்தான் பேசிக்கொள்வோம். அப்படி இருந்தும் வாடகையும் பஸ் காசும் போக மிஞ்சியது பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் காணாது. அந்த டாக்ஸ் கிரெடிட்தான் எங்களைக் காப்பாற்றியது. மூன்று பிள்ளைகளுக்கும் எடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் கடைசி மகன் 2014இல் பிறந்தவன். என் தோழியின் கடைசி மகள் 2017 ஜூலையில் பிறந்தவள். அவளும் கேர் ஹோம்தான், அவள் புருசன் கடையில்தான். இரண்டு வீட்டுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குக் கிடைத்தது, அந்த இரண்டு பிள்ளை வரம்பால் அவளுக்கு இல்லை. அந்த நேரத்துக் கணக்கில் வருடத்துக்கு 2,780 பவுண். ஒரு குழந்தை ஏப்ரல் 5இல் பிறந்தால் பசிக்கும், 6இல் பிறந்தால் பசிக்காதா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா வந்தால் அவள் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் மறித்துவிடுவாள். அவள் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அவளையா உழைக்காதவள் என்கிறீர்கள்?

"வளர்க்க முடியாவிட்டால் ஏன் பெறுகிறார்கள்?" பெறும்போது முடிந்தவர்களுக்குப் பிறகு முடியாமல் போகும். புருசன் விட்டுவிட்டுப் போவான், நோய் வரும், கடை மூடும். கொவிட் நேரத்தில் நம் ஆட்களில் எத்தனை பேர் முதல் முறையாக யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, படிவம் நிரப்ப என் வீட்டுக்கு வந்தவர்களுக்கே தெரியும். இந்த விதியால் பிறப்புகள் குறையும் என்றார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள், மிகச் சிறிய மாற்றம்தான், குடும்பங்கள் ஏழையானதுதான் மிச்சம் என்றார்கள். இன்னொன்று தெரியுமா, பலாத்காரத்தால் உண்டான பிள்ளை என்றால் விதிவிலக்கு இருந்தது. அதற்கு அந்தத் தாய் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. உனக்கு அப்படி நடந்தது என்று படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடு, அப்போதுதான் பிள்ளைக்குக் காசு என்று ஒரு அரசாங்கம் ஒரு பெண்ணைக் கேட்டது. இதை ஒன்பது வருடம் சட்டம் என்று வைத்திருந்தார்கள்.

"ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்." இருக்கிறார்கள், பிடியுங்கள். அதற்குமேல் எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

"உழைக்கிறவர்களுக்கு வரி கூடிவிட்டதே." இது நியாயமான கோபம். வருமான வரி வரம்புகளை 2031 வரைக்கும் கூட்டாமல் வைத்திருக்கப் போகிறார்கள், சம்பளம் கொஞ்சம் ஏறினால் வரியும் கூட வெட்டுப்படும், எங்கள் வீட்டிலும் வெட்டுப்படும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த 2025 பட்ஜெட்டின் வரி உயர்வுகள் கடைசியில் வருடத்துக்கு 2,600 கோடி பவுண் அளவு. இரண்டு பிள்ளை வரம்பை எடுப்பதற்குச் சுமார் 300 கோடி. ஒன்லைன் சூதாட்ட வரியை 21 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியதும் அதே பட்ஜெட்தான், அதை யார் முன்பக்கத்தில் போட்டார்கள்? நலத்திட்டச் செலவில் ஏறத்தாழப் பாதி ஓய்வூதிய வயதுக்காரருக்குப் போகிறது. அது போகத்தான் வேண்டும், அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. பிள்ளைக்குக் கொடுத்தால் மட்டும் பிச்சையா?

தொழிற்கட்சியைத் தூக்கிப் பிடிக்க நான் இதை எழுதவில்லை. 2024 ஜூலையில், ஆட்சிக்கு வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை, இந்த வரம்பை எடுக்கச் சொல்லி வாக்களித்த தங்கள் சொந்த எம்பிக்கள் ஏழு பேரைக் கட்சிக் குழுவிலிருந்து இடைநிறுத்தினார்கள். ஜோன் மெக்டொனல், சாரா சுல்தானா, அப்சனா பேகம், லிவர்பூலின் இயன் பைர்ன் எல்லாம் அதில் அடக்கம். கட்சித் தலைவராக முன்னம் இதை எடுப்போம் என்று பேசியவர் கியர் ஸ்டார்மர், 2024இல் பிரதமரானவர். பிறகு காசில்லை என்றார். 2025 பட்ஜெட்டோடு எடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஒன்றரை வருடம் பிள்ளைகள் காத்திருந்ததற்கு யார் பதில் சொல்வது? அந்த ஏழு பேரில் ஒருவரிடமாவது பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா?

அதே அரசாங்கம்தான் பட்ஜெட்டுக்கு ஒரு கிழமை முன்னம், நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் போதாது, பத்து வருடம் இரு, கேர் வேலைக்கு வந்தவர்கள் பதினைந்து வருடம் இரு, பெனிபிட் எடுத்தால் இன்னும் கூட இரு என்று முன்மொழிந்தது. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டு வந்து நம் முதியவர்களைப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். பொது நிதி எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையில்தான் ஏற்கெனவே இருக்கிறார்கள். வரி மட்டும் கட்டலாம். அந்தப் படத்தைப் போட்டவருக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை. உழைக்கிறவர்கள், உழைக்கிறவர்கள் என்றாரே, இவர்கள் உழைக்கிறவர்கள் இல்லையா?

2024 ஓகஸ்டில் நடந்த இனவாதக் கலவரத்தில் ரொதரம் பக்கம் அகதிகள் இருந்த ஹோட்டலுக்குத் தீவைக்க வந்தவர்கள், உள்ளே இருக்கிறவர் யார் என்று விசாரித்துவிட்டு வரவில்லை. அந்தக் கிழமை எங்கள் வீதியில் தமிழ்க் கடைகள் மத்தியானமே இறக்கிப் பூட்டின. இவர் வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் கெஞ்சினேன், போனார், விடியும்வரை நான் தூங்கவில்லை. வரி கட்டுகிறோம், வீடு வாங்கிவிட்டோம், பிள்ளை கிராமர் ஸ்கூல் என்பதெல்லாம் அன்று யாரையும் காப்பாற்றியிருக்காது. லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்தப் புதன்கிழமை கலவரக்காரருக்கு எதிராக ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்து நின்ற சனங்களால்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் கேலி செய்கிற இடதுசாரிகளும் தொழிற்சங்கக்காரரும் அதில் நின்றார்கள். அவர்களிலும் பெனிபிட் எடுக்கிறவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பயன்பாட்டுக்கு. உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் எல்லாப் பிள்ளைகளின் விவரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியும் கிடைக்காது என்று மூன்றாவது பிள்ளையைப் பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீடு எடுக்கக்கூடிய மொத்தப் பெனிபிட்டுக்கான உச்சவரம்பை அந்தப் பட்ஜெட்டில் எடுக்கவில்லை, 2025 கணக்கில் லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண், வெளியே 22,020. வேலை இல்லாதவர்களுக்கும் மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் அது இடிக்கும். படிவத்தில் உதவி வேண்டும் என்றால் இன்பொக்ஸில் கேளுங்கள். குழுவில் கைதட்டியவர்களும் கேட்கலாம், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.