எஸ்எஸ்டி மாற்றினால் தீராது
வெளியிலிருந்து இணையம் வழியாக வீட்டு நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த ஃபைல் சேமிப்புப் பெட்டி) ஃபைல் இழுக்க நேரமானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடச் சொல்கிறீர்கள். தப்பு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே பெரிய ஃபைலை நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். நாஸ் இருக்கும் தண்டையார்பேட்டை வீட்டில் அப்லோடு நொடிக்கு 40 மெகாபிட் என்றால், கிண்டி ஆபீசில் இருப்பவருக்கு நொடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட்தான் வரும் (8 பிட் ஒரு பைட்). விளம்பரத்தில் பளபளவென்று போடுவது டவுன்லோடு கணக்கு!

அதைவிடவும் நத்தை வேகமா? ரவுட்டரில் வான் (WAN) ஐபியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் நாஸுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. குவிக்கனெக்ட் மாதிரி வெளியிலிருந்து நாஸை இணைக்கும் சேவைகள் நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் நிற்கும் ரிலே சர்வரைச் சுற்றித்தான் வரும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். அப்புறம், வீட்டுக்குள்ளேயே லேன் கேபிளில் காப்பி செய்தாலும் மெதுவாக இருந்தால் மட்டும் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.