மோட்டார்சைக்கிள் நிறுத்தக் கட்டணம் நகர மன்றத்துக்குப் போவதில்லை

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் நிறுத்த ‘நகர மன்றம் மணிக்கு 65 காசு பிடுங்குகிறது, மனு எழுதுவோம்’ என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்துமிடங்களில் கட்டணம் வசூலிப்பது வீவகதான். நகர மன்றம் வாங்குவது சேவை, பராமரிப்புக் கட்டணம். மனுவை அங்கே கொடுத்தால் வீவகவிடம் போகச் சொல்வார்கள்; நாள்கள்தான் வீணாகும்.

65 காசு என்பது உச்சவரம்பு. மணிக்கு 20 காசு. பகல் முழுதும் நிறுத்தினாலும் 65 காசைத் தாண்டாது. பலருக்குக் குழப்பம் இரவில்தான்: காலை 7 முதல் இரவு 10.30 வரை ஒரு கணக்கு, அதற்குப்பின் காலை 7 வரை இன்னொன்று. இரண்டையும் தொட்டு நிறுத்தினால் இரண்டும் சேரும், அதிகபட்சம் 1.30 வெள்ளி. தினமும் அப்படி நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து சீசன் பார்க்கிங் (மாதக் கட்டண அனுமதி) எடுங்கள். திறந்தவெளிக்கு மாதம் 15 வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 17.