பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்

"அடுத்த ஐந்து நாட்களுக்குத் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்."

புரட்டாசி பிறந்தால் தினமும் மதியம் டிவியில் இந்த வரி ஓடும். எங்கள் ஊர் டீக்கடையில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. "அந்த ஓரிரு இடம் எதுன்னு சொல்லச் சொல்லு, பாயைச் சுருட்டிக்கிட்டு அங்கேயே போய்ப் படுத்துக்கிறேன்" என்று ஒரு பெரியவர் வருஷாவருஷம் சொல்வார். நானும் சிரித்தவன்தான், ரோட்டில் காயப்போட்ட குறுவை நெல் என் கண்ணெதிரே நனையும் வரைக்கும்.

அன்றைக்குக் காலையிலேயே அறுப்பு மிஷின் வந்து, மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வானத்தில் பஞ்சுப்பொதி மாதிரி இரண்டு மேகம், அவ்வளவுதான். சித்தப்பா மட்டும் மேற்கே பார்த்துவிட்டு, "தம்பி, படுதாவ எடுத்து வச்சுக்க. காத்து ஒரேயடியா நின்னுபோச்சு" என்றார். "ஓரிரு இடங்கள்லன்னுதான் சொல்லியிருக்காங்க சித்தப்பா, நம்ம பக்கமெல்லாம் வராது" என்றேன். ஆறரைக்கு மேற்கே கறுத்தது. ஏழு மணிக்குக் கொட்ட ஆரம்பித்து முக்கால் மணி நேரம் விடவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பக்கத்து ஊரில் புழுதிகூட அடங்கவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் படித்தேன். வானிலை மையம் அதை வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்வாசியில் மழை பதிவாகலாம் என்றால் 'ஓரிரு இடங்கள்'. அதற்கு மேல் பாதி வரை என்றால் 'ஒருசில இடங்கள்', முக்கால்வாசி வரை என்றால் 'அநேக இடங்கள்', அதையும் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. மழையின் அளவும் அப்படித்தான். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, அதற்கு மேல் 'அதி கனமழை'. ஆக, ஓரிரு இடங்கள் என்பது எவ்வளவு பரப்பில் பெய்யும் என்ற கணக்கு. என் வயல் அதில் வராது என்று அவர்கள் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

சரி, எந்த ஊர் என்று ஏன் சொல்ல முடியவில்லை? புரட்டாசியில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் முழுசாக விலகியிருக்காது. ராஜஸ்தானின் மேற்குப் பக்கத்திலிருந்து அது பின்வாங்கத் தொடங்குவதே வழக்கமாக செப்டம்பர் 17 வாக்கில்தான். வடகிழக்குப் பருவமழை நமக்குத் தொடங்க அக்டோபர் 20 ஆகிவிடும். இடைப்பட்ட இந்த நாட்களில் பகலெல்லாம் தரை கொதிக்கிறது. மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது, மேலைக்காற்று எதிரே வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சூடான ஈரக்காற்று மேலே கிளம்பி இடிமேகமாகிறது. வெப்பச்சலனம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான். இப்படி எழும் ஒரு தனி மேகத்தின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். அது எந்த ஊருக்கு மேல் எழும் என்று நாலு நாள் முன்னால் எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. உலை கொதிக்கும் என்று சொல்லலாம், முதல் குமிழி எங்கே வரும் என்று சொல்ல முடியுமா?

'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்ற பழமொழியை ஒருநாள் வெயில், ஒருநாள் மழை என்றுதான் ரொம்ப நாளாகப் புரிந்துவைத்திருந்தேன். காய்வதால்தான் பெய்கிறது, அதுவும் அதே நாளில் என்று நெல் நனைந்தபிறகுதான் உறைத்தது.

வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு வேறு ஜாதி. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளது என்பதால் ஐந்து நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். ஆனால் கடைசி நேரத்தில் கொஞ்சம் வடக்கே நகர்ந்தாலும் கதையே மாறிவிடும். 2024 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? 16-ம் தேதிக்கு சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 16-ம் தேதி நகரத்துக்குள் பயந்த அளவு மழை இல்லை. அந்தத் தாழ்வு மண்டலம் 17-ம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையேறிவிட்டது. மீம்ஸ் பறந்தன. ஆனால் 16-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சோழவரத்தில் சுமார் 30 செ.மீ., ஆவடியில் 25 செ.மீ. பதிவாகியிருந்தது. வேளச்சேரிக்காரர் ஏமாந்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டிருந்தபோது சோழவரத்துக்காரர் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்திருப்பார். காரை மேம்பாலத்தில் ஏற்றியவர்களை நான் இன்றைக்கும் கேலி செய்யமாட்டேன். 2015 டிசம்பரைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வானிலை மையத்தின் மீது எனக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. "பெய்யக்கூடும், வாய்ப்புள்ளது" என்ற அந்த மொழியை ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி மாற்றலாம். ஆனால் பெரிய பாவத்தைச் செய்வது சேனல்கள்தான். மஞ்சள் என்றால் 'கவனித்துக்கொண்டிருங்கள்', ஆரஞ்சு என்றால் 'தயாராகுங்கள்', சிவப்பு என்றால் 'செயலில் இறங்குங்கள்'. மஞ்சளுக்கே "மிரட்ட வருது பேய்மழை" என்று பின்னணி இசை போட்டால், சிவப்பு வரும்போது யார் காதில் ஏறும்? வானிலைப் பக்கங்களின் கீழே கமெண்டைப் பார்த்தால், "அண்ணா, நாளைக்கு ஸ்கூல் லீவா?" அந்தப் பிள்ளைகளையாவது மன்னிக்கலாம்.

என் நிஜமான கோபம் வேறு. முன்னறிவிப்பு சரியாகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்ய முடியும்? வியாழக்கிழமை மழை என்று திங்கட்கிழமையே தெரிகிறது. உடனே அறுக்கலாம் என்றால் மிஷின் கிடைக்காது, எல்லோருக்கும் அதே திங்கட்கிழமைதானே தெரிகிறது. அறுத்தாலும் காயவைக்கக் களம் இல்லை, அதனால்தான் ரோடு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். மழை மிஞ்சிப்போன வருஷங்களில் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், குவியலில் கிடக்கிற நெல் அதற்குள் முளைத்துவிடும். ரேடார் காரைக்காலிலேயே இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு முன்பே மாவட்ட வாரியாக எச்சரிக்கை போனுக்கு வருகிறது. ஊருக்கு ஒரு கூரை போட்ட களம்தான் வரவில்லை. வானத்துக்குச் செலவழித்ததில் தப்பில்லை, தரைக்கும் கொஞ்சம் செலவழித்திருக்கலாம்.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் அறிக்கையை நம்பி வேலையைத் திட்டமிடுவேன். மூன்றாம் நாளிலிருந்து காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன். மதியம் மூன்று மணிக்கு மேல் ரேடார் படம். ஐந்து மணிக்கு மேல் சித்தப்பா.

இன்றைய அறிக்கையில் டெல்டாவுக்கு வெள்ளிக்கிழமை 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று இருக்கிறது. மிஷின்காரருக்குப் போன் போட்டேன், சனிக்கிழமைக்கு முன்னால் முடியவே முடியாது என்கிறார். இரண்டு படுதா வாடகைக்குச் சொல்லி வைத்தாயிற்று. மூன்றாவதும் சொல்லிடு என்கிறார் சித்தப்பா.