எல்லைக்கு இரண்டு வகுப்புகள் போதாது

கல்லூரி முதலாண்டு நுண்கணிதத் (calculus) தாளில் பலர் தேர்ச்சி பெறாததற்குப் பள்ளிக் கணிதத்தின் அடித்தளம் வலுவாக இல்லாததே காரணம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை நான் முழுமையாக மறுக்கவில்லை. ஆனால் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்ற முறையில், 'எல்லை' (limit), அதாவது ஓர் எண் ஒரு மதிப்பை நெருங்கும்போது விடை எதை நெருங்குகிறது என்ற கருத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுவதே பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 9ஐக் கழித்து, அதை அந்த எண்ணிலிருந்து 3ஐக் கழித்து வருவதால் வகுத்தால், அந்த எண் 3ஐ நெருங்கும்போது விடை எதை நெருங்கும் என்று கேட்டுப் பாருங்கள். வகையிடல் (differentiation) சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூட 3ஐ நேரடியாகப் பிரதியிட்டு, பூச்சியத்தின் கீழ் பூச்சியம் என்று எழுதி நிறுத்திவிடுகிறார். 2.9, 2.99, 2.999 என்று போட்டு, விடை 5.9, 5.99, 5.999 என 6ஐ நோக்கி நகர்வதைத் தம் கையாலேயே கணக்கிட்ட பிறகுதான் அவர் முகம் தெளிகிறது. 17ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் உருவாக்கிய நுண்கணிதத்தை எல்லையின் அடிப்படையில் முறைப்படுத்தும் நூலைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821இல்தான் வெளியிட்டார். மேதைகளுக்கே அத்தனை காலம் பிடித்த ஒன்றை, அதிலும் தமிழ்வழியில் படித்துவிட்டு, சார்பு, தொடர்ச்சி போன்ற சொற்களையே ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் பிள்ளைகளிடம், இரண்டு வகுப்புகளில் திணிப்பது நியாயமன்று. பருவத்தின் முதல் மூன்று வாரங்களையாவது இதற்கே ஒதுக்கி, தொகையிடல் (integration) உத்திகளில் சிலவற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வர வேண்டும்.