'பிளகேட்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'பாக்ஸ்' என்பதிலிருந்து வரவில்லை

சமாதானப்படுத்துவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி, 'அப்பீஸ் (appease), பாசிஃபை (pacify), பிளகேட் (placate), மாலிஃபை (mollify) நான்குமே அமைதி என்று பொருள்படும் பாக்ஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை அப்படியே குறித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன்: பாதிதான் சரி.

பாசிஃபை பாக்ஸிலிருந்து வந்தது. அப்பீஸும் அந்தக் குடும்பம்தான், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'பே'யும் இதே வேர்தான். கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவது என்பதிலிருந்து பணம் செலுத்துவது என்ற பொருள் பிறந்தது.

பிளகேட் வேறு குடும்பம். அதன் வேர் பிளாகாரே என்ற லத்தீன் சொல், அதாவது தணிப்பது. மகிழ்விப்பது என்று பொருள்படும் பிளாகேரே அதற்கு உறவு. பிளீஸ், மருத்துவத்தில் மருந்தே இல்லாத மாத்திரையைக் குறிக்கும் பிளசீபோ எல்லாம் அங்கிருந்து வந்தவை. மாலிஃபை, மென்மை என்ற பொருளுள்ள மோல்லிஸிலிருந்து வந்தது.

அப்புறம், மாற்றிப் போடும் விஷயம். 1938 மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தன. அதிலிருந்து அரசியல் பேச்சில் அப்பீஸ் என்றாலே மிரட்டுபவனுக்குப் பணிந்துபோவது என்ற கறை ஒட்டிக்கொண்டது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினேன் என்று எழுத பிளகேட்டோ மாலிஃபையோ போடுங்கள். பாசிஃபை போட்டால் அழும் குழந்தையை அடக்கியது போலவோ, ராணுவம் கலகத்தை ஒடுக்கியது போலவோ தொனிக்கும்.